மார்சியாவின் நெற்றியோரம்

எனக்குப் பிரியாவிடை சொன்ன அன்று, கேக் வெட்டி முடிந்த கையோடு உங்களில் ஒருத்தி கேட்டாள்: "அன்ரி, கறுப்பினப் பெண்களின்ர தலைக்கு எந்த எண்ணெய் நல்லது?" என் வாய் நிறையக் கேக். தலையை ஆட்டிச் சமாளித்துவிட்டேன். எண்ணெய்களைப் பற்றி என்னைவிட உங்கள் ஃபோன்களுக்குத்தான் அதிகம் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. எந்த எண்ணெயாலும் திருத்த முடியாத ஒரு காரியத்தை இந்தக் கைகளால் செய்தவள் நான். எங்கள் சலூனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் அதைத் தெரிந்துகொண்டு சீப்பைக் கையில் எடுப்பது நல்லது என்று தோன்றியது.

கனடாவுக்கு வந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. முதல் ஏழு வருடமும் ஒரு தையல் தொழிற்சாலையில் ஆண்களின் காற்சட்டை தைத்தேன். மேற்பார்வையாளர் வந்து, தைத்த இடத்தை இரண்டு பெருவிரல்களாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். தையல் கொஞ்சம் வாய் திறந்தாலும் கட்டு முழுவதும் திரும்பி வரும். இறுக்கமாக இருந்தால் நல்ல வேலை, தளர்ந்திருந்தால் கெட்ட வேலை. ஏழு வருடத்தில் என் விரல்களுக்கு ஏறிய பாடம் அது ஒன்றுதான்.

தொழிற்சாலையை மூடியபோது சிகையலங்காரம் படித்தேன். வோபர்னில், கடைகள் வரிசையாக இருந்த ஒரு பிளாசாவுக்குள், ஒரு சலூனில் வேலை கிடைத்தது. அது நீங்கள் பார்த்திராத இடம். இப்போது அங்கே பல் வைத்தியர் இருக்கிறார். முதலாளி ஜமெய்க்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண்மணி, என் வயதுதான். தன் பெயரை எங்கேயும் போடக்கூடாது என்று எப்போதோ சொல்லிவிட்டார். ஆகவே முதலாளி என்றே எழுதுகிறேன். அவரோடும் வாடிக்கையாளர்களோடும் நான் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். என் நெஞ்சில் அவை தமிழாகத்தான் தங்கியிருக்கின்றன. அப்படியே தருகிறேன்.

அங்கே வந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினப் பெண்கள். தாதிகள், ஆசிரியைகள், வங்கியில் வேலை செய்பவர்கள். சுருண்ட முடியை அதன்பாட்டில் விட்டுக்கொண்டு வேலைக்குப் போனால், "இன்றைக்குத் தலை சீவவில்லையா?" என்று கேட்கிற மேலாளர்கள் இருந்த இடங்களில் அவர்கள் வேலை செய்தார்கள். பொய்முடி சேர்த்து மெல்லிய பின்னல்களாகப் பின்னிவிட்டால் ஆறு வாரத்துக்கு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த ஆறு வார நிம்மதிக்காகத்தான் ஐந்து மணி, ஆறு மணி நேரம் எங்கள் கதிரையில் இருந்தார்கள்.

முதலாளி எனக்கு முதலில் கழுவக் காட்டினார், பிறகு வகிடு பிரிக்க, பிறகு பின்ன. என் கை வேகமான கை. இரண்டு வருடத்தில் என்னைக் கேட்டே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் பின்னினால் எட்டு வாரமானாலும் குலையாது என்று பெயர். அதைக் கேட்கும்போது எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்ல!

மார்சியா அப்படித்தான் வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், பஸ் ஓட்டுபவள். விடியப்புறம் நாலு மணிக்கு எழும்புகிறவளுக்குக் கண்ணாடிக்கு முன்னால் நிற்க நேரம் ஏது? "நல்லா இறுக்கிப் பின்னுங்கோ, கனநாள் நிக்கவேணும்," என்பாள். வருவதற்கு முன்னாலேயே இரண்டு தலையிடிக் குளிசைகளைப் போட்டுக்கொண்டு வருவாள். பின்னி முடிந்ததும் நெற்றி ஓரத்தில் மணல் தூவினாற்போல் சின்னச் சின்னப் பருக்கள் எழும்பியிருக்கும். அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம். வடிவாக இருப்பதற்குக் கொஞ்சம் நோகத்தானே வேண்டும் என்று எனக்கும் நினைப்பு, அவளுக்கும் நினைப்பு.

இரண்டாம் வருடமோ என்னவோ, அவளுடைய நெற்றிப்பொட்டுகளில், காதுக்கு முன்னால் பூனைமயிர்போல இருக்கும் இடத்தில், முடி ஐதாகிக்கொண்டு வருவதைக் கண்டேன். கண்டுவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? பின்னாலிருந்து இன்னும் கொஞ்சம் முடியை முன்னுக்கு இழுத்து அந்த இடத்தை மூடிப் பின்னினேன். அடுத்த தடவை அதையும்விடக் கூட இழுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் மறைத்தேன், மறைப்பதற்காகவே இன்னும் இறுக்கினேன். சொன்னால் மனம் நோவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. சொன்னால் வேறு சலூனுக்குப் போய்விடுவாள், என் பெயர் கெட்டுவிடும் என்பதுதான் உண்மை.

ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லாமல் வந்தாள். கையில் இரண்டு அடையாள அட்டைகள். வேலையில் புது அட்டை கொடுத்திருக்கிறார்கள். பழையது ஐந்து வருடத்துக்கு முந்தியது. இரண்டையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழைய படத்தில் முடி நெற்றியைச் சுற்றி வட்டமாக நின்றது. புதுப் படத்தில், நான் மூடிப் பின்னியதையும் மீறி, இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு வெறும் தோல்.

"என்ர நெத்தியோரத்தை நான் ஒருநாளும் நிண்டு பாத்ததில்லை. நீங்கள்தான் பாக்கிறனீங்கள்," என்றாள். "எவ்வளவு காலமாத் தெரியும்?"

பொய் சொல்ல வாய் வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் வரவில்லை.

"ஒரு வருசத்துக்கு மேல," என்றேன்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் இரண்டு அட்டைகளையும் எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "நானும் கண்டனான், நானும் வாய் திறக்கேல்லை. இது என்ர சலூன், அதனால என்ர பிழைதான் பெரிசு," என்றார். பிறகு கதிரையைத் திருப்பி, "இரு" என்றார். என் தலைமயிரை வகிடு வகிடாகப் பிரித்து, நான் மார்சியாவுக்குப் பின்னுவது போலவே, அதே இறுக்கத்தில், மண்டையோடு ஒட்டப் பின்னினார். எல்லாவற்றையும் உச்சியில் தூக்கிக் கட்டினார்.

"உன்ர மயிர் வேற, எங்கட மயிர் வேற. எங்களுக்கு என்ன நடக்குதெண்டு உனக்கு முழுக்கத் தெரியவராது," என்றார். "ஆனா நோவு எண்டால் என்னவெண்டு தெரியட்டும். திங்கட்கிழமை வந்து சொல்லு."

அந்த வார இறுதியில் யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் விழா. என் கணவரின் உறவுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு. போகாமல் இருக்க முடியாது. சேலையும் கட்டிக்கொண்டு அந்தத் தலையோடு போனேன். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரு அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உதென்ன பிள்ளை உந்தக் கோலம்?" என்றவர், கறுப்பின மக்களைக் குறிக்க எங்கள் ஆட்கள் கூசாமல் பாவிக்கிற அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொன்னார். அந்தச் சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். நீங்களும் அதை வீட்டில் கேட்டிருப்பீர்கள்.

அதுவரை அது என் ஒரு காதால் போய் மறு காதால் வந்த சொல். அன்றைக்குத்தான் அது எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்தது. "அன்ரி, அந்தப் பொம்பிளையளின்ர தலையைத் தொட்டுத்தான் என்ர வீட்டில சோறு வேகுது. உப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் எனக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவந்து பக்கத்திலேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தலையணையில் தலை வைக்க முடியவில்லை. நெற்றியைச் சுருக்கப் பார்த்தேன், தோல் அசையவில்லை. காதுக்கு மேலே தொட்டால் நெருப்பு. என் கணவர் ட்ரக் ஓட்டுபவர், முரட்டுக் கை. என்னைக் குசினிக்குள் அடுப்படிக் கதிரையில் இருத்தி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சீப்பின் கூர்வாலால் ஒவ்வொரு பின்னலாகக் குலைத்தார்.

"நோகுதோ? நோகுதோ?" என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் என் தலையைத் தொட்டிராத மனிதர் பத்து நிமிடத்தில் இருபது தடவை கேட்ட கேள்வியை, நான் மார்சியாவிடம் மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது கேட்கவில்லை.

திங்கட்கிழமை சலூனுக்குப் போனேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் ஊற்றித் தந்தார்.

மார்சியா நாலு மாதம் வரவில்லை. ஃபோன் எடுத்தால் எடுக்கவில்லை. பிறகு ஒரு பனி நாளில் மார்க்கம் ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். கதவு திறந்தது. ஓட்டுநர் இருக்கையில் அவள், கம்பளித் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு.

நான் உள்ளே போய் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றேன். "மார்சியா, பின்னுறதுக்கு இல்லை, ஒருக்கா வாங்கோ. நான் பாக்கவேணும்."

"வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால நில்லுங்கோ," என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

பஸ்ஸின் தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டிப் பின்னால் நின்றேன். அங்கேயிருந்து, பஸ் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்காமல், "நான் செய்தது பிழை. தெரிஞ்சுகொண்டு செய்தனான்," என்றேன். முன் இருக்கையில் இருந்த ஒரு கிழவர் பேப்பரைத் தாழ்த்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மார்சியா அடுத்த நிறுத்தத்துக்கு பஸ்ஸை எடுத்தாள். மூன்று நிறுத்தம் போனது, நாலு போனது. நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. கதவைத் திறந்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு," என்றாள்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். தொப்பியைக் கழற்ற ஐந்து நிமிடம் எடுத்தது. அவளாகக் கழற்றும்வரை முதலாளியும் நானும் காத்திருந்தோம். விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தேன். வலது பக்கத்தில் மெல்லிய பூனைமயிர் இன்னும் இருந்தது. இடது பக்கத்தில் தோல் வழவழவென்று மினுங்கியது, மயிர்க்கால்களே தெரியவில்லை. இந்த இடத்தில்தான் பிள்ளைகளே, வாய்க்கு வருகிற நல்ல வார்த்தையைச் சொல்லிவிட மனம் துடிக்கும். எல்லாம் வளர்ந்துவிடும், பயப்படாதேங்கோ என்று. சொல்லாதீர்கள்.

"வலது பக்கம் திரும்பி வரலாம். இடது பக்கம் எனக்குத் தெரியேல்லை. அது என்ர படிப்புக்கு மேல. தோல் வைத்தியரிட்டக் காட்டவேணும்," என்றேன். "அதுவரைக்கும் நான் பின்ன மாட்டன். வேற ஆரிட்டையும் பின்னவும் வேண்டாம்."

"அப்ப வேலைக்கு எப்பிடிப் போறது?" என்று கேட்டாள்.

முதலாளி வந்து அவளுக்கு முன்னால் குந்தி இருந்தார். "அதை நாங்கள் பாக்கிறம். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வா. இழுக்காமல், பாரமில்லாமல், முன்மயிரைத் தொடாமல் என்ன செய்யலாமோ செய்வம்." அப்படியே செய்தார். பொய்முடி இல்லாமல், தளர்வாக முறுக்கிவிட்டு, ஓரத்தைச் சும்மா விட்டுவிடுகிற ஒரு கோலத்தை அவர் கண்டுபிடித்தார். அதில் மார்சியா எவ்வளவு வடிவாக இருந்தாள் என்றால், அதே கோலத்தைக் கேட்டு வேறு ஆட்களும் வரத் தொடங்கினார்கள்.

வைத்தியர் மருந்து கொடுத்தார். பிந்தி வந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். எட்டு மாதத்தில் வலது பக்கம் நிரம்பியது. இடது பக்கம் வரவே இல்லை. இன்றைக்கும் இல்லை. அது நான் செய்தது.

அதற்குப் பிறகு புதிதாக யார் வந்தாலும், சீப்பை எடுக்க முன்னால் நெற்றியோரத்தைப் பார்த்து, கண்டதைச் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு எழும்பிப் போனவர்கள் உண்டு. போனவர்களில் சிலர் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்ற நேரம் எடுத்தார்கள்.

இனி மார்சியாவின் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெய்லா. எட்டாம் வகுப்பு முடித்து, பள்ளிக்கூடம் வைக்கிற பட்டமளிப்பு விழாவுக்குப் போகிற வயது, பதின்மூன்று. விழா சனிக்கிழமை பின்னேரம். காலையில் அவளை எங்களிடம் விட்டுவிட்டு மார்சியா வேலைக்குப் போனாள். வேலை முடிந்ததும் நேரே வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. சின்னப் பின்னல்களாகப் பின்னி உச்சியில் கொண்டையாகக் கட்ட வேண்டும் என்று கெய்லா கேட்டாள். தளர்வாகப் பின்னுவதென்றால் சரி என்று தாயும் சம்மதித்திருந்தாள்.

ஜூன் மாதச் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் விழா. மூன்று கதிரையும் நிரம்பி, வாசல் வரைக்கும் ஆட்கள். இரண்டு மணி நேரமாகப் பின்னினேன். ஒவ்வொரு வரிக்கும் "நோகுதோ?" என்று கேட்டேன். ஒவ்வொரு வரிக்கும் "இல்லை, இன்னும் இறுக்குங்கோ, குலைஞ்சு போடும்," என்றாள். அவசரத்தில் நானும் அந்த "இல்லை"யை நம்பினேன். ஐந்து வருடத்துப் பாடம் இரண்டு மணி நேரத்தில் என் கையை விட்டுப் போய்விட்டது. உங்களுக்கும் போகும். அதனால்தான் சொல்லுகிறேன்.

முன்வரிசை முடிகிற நேரம் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் நிறையத் தண்ணீர். உதடு சிரித்துக்கொண்டிருந்தது.

"கெய்லா, புருவத்தை உயர்த்து பாப்பம்."

உயர்த்தப் பார்த்தாள். புருவம் எழும்பவில்லை. நெற்றித் தோல் மேளத்தோல் மாதிரி இழுபட்டு நின்றது. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் குசினிக் கதிரை ஞாபகம் வந்தது.

சீப்பைத் திருப்பிப் பிடித்து முன்வரிசையைக் குலைக்கத் தொடங்கினேன்.

"என்ன செய்யிறியள்?" பிள்ளை கத்திவிட்டாள். "நாலு மணிக்கு விழா! எல்லாரும் வருவினம், படம் எடுப்பினம்!" வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து என் கதிரைக்குக் காத்திருந்த பெண் மணிக்கூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். முதலாளி மற்றக் கதிரையிலிருந்து என்னைப் பார்த்தார். நான் கையை நிறுத்தவில்லை. அவர் தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, என் வாடிக்கையாளரிடம் போய், "மன்னிக்கவேணும், இவவுக்குச் சுணங்கும். நான் உங்களைப் பாக்கிறன்," என்று கூட்டிக்கொண்டு போனார்.

"ஏன் பிள்ளை நோகேல்லை எண்டு சொன்னனீ?" என்று கேட்டேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "அம்மா முந்தி இப்பிடித்தான் கட்டுவா. கட்டிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு முன்னால பாட்டுப் பாடுவா. இப்ப பாடுறதில்லை. என்ர தலையில அதைப் பாத்தாலாவது சந்தோசப்படுவா எண்டு நினைச்சன்."

தாயின் முடியை இழுத்தது நான். அதன் மிச்சத்தை இந்தப் பிள்ளை தன் தலையில் தாங்கப் பார்த்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மார்சியா வந்தாள், பஸ் சீருடையோடு. வாசலில் நின்றபடியே மகள் சொன்ன கடைசி வார்த்தைகளைக் கேட்டிருக்க வேண்டும். உள்ளே வந்து கை கழுவினாள். பிறகு கெய்லாவின் வலது பக்கத்தில் நின்றாள். நான் இடது பக்கம் போனேன்.

"நான் பாடாததுக்குக் காரணம் தலையில்லை மகளே, நாலு மணிக்கு எழும்புறதுதான்," என்றாள். பிள்ளை அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "அம்மாவுக்குச் சின்னனில ஆரும் ஒண்டு சொல்லித் தரேல்லை. நொந்தால் நோகுது எண்டு சொல்லலாம். தலை உன்ர தலை. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, சொல்லு. நாங்கள் நிப்பாட்டுவம்."

இரண்டு பேருமாகத் திரும்பவும் பின்னத் தொடங்கினோம். கொண்டை இல்லை, பாதியைத் தோளில் விழவிடுவோம் என்று முடிவு செய்தோம். மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது. மார்சியாவின் விரல்களுக்கு அவசரமில்லை; என் விரல்களையும் அவை மெதுவாக்கின. ஓரத்து முடியைத் தொடாமல் விட்டோம். அது நெற்றியில் சுருள் சுருளாக நின்றது.

மூன்றாவது பின்னலில் கெய்லா ஒருதரம் மூச்சை இழுத்தாள். பிறகு, மெல்ல, யாரிடமோ அனுமதி கேட்கிற குரலில், "நோகுது," என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்துவிட்டோம்.

அவள் கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். காற்றில் அப்படியே நின்ற நாலு கைகளையும் பார்த்தாள். நம்ப முடியாதவள் போல ஒரு கணம் யோசித்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"நோகுது."

தலையில் ஒரு கையும் இல்லை. மார்சியாதான் முதலில் சிரித்தாள்.